ஒரு சொல்லுக்காக ஏறிய மலை

மலை ஏறினால் மனசு லேசாகும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பெங்களூரிலிருந்து ஆணும் பெண்ணுமாக பைக்கில் வந்து, ராயக்கோட்டை மலை மேல் நின்று, கையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நானும் ஒரு மலை ஏறினேன். ஏறும்போது கோபம், இறங்கும்போது அதைவிடக் கோபம். இதை எழுதும்போதுகூட வலது முழங்கால் வலிக்கிறது, வலிக்க வலிக்கக் கோபம் வருகிறது.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன். தெற்கேயிருந்து ஒரு துணிப்பையோடு ஓசூரில் வந்து இறங்கி, லேத் பட்டறையில் இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளும் வேலையில் ஆரம்பித்தேன். இன்றைக்கு அதே தொழிற்பேட்டையில் என் பட்டறையில் பதினாலு மிஷின் ஓடுகிறது. என்ஜினியரிங் படித்தவர்கள் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு பேசுகிறார்கள். தெலுங்கு பேசுவேன், கன்னடம் பேசுவேன். எவரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பெங்களூர்க் கம்பெனிகளின் வாசல்தான் எனக்குக் கன்னடப் பள்ளிக்கூடம். ஆர்டர் கேட்டுப் போய் நின்றால், உள்ளே இருக்கிறவன் தலை நிமிராமல் "ஆமேலெ பன்னி" என்பான். பிறகு வாருங்கள் என்று அர்த்தம். அந்த 'ஆமேலெ'யை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.

இவ்வளவு தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

என் பட்டறையில் கிரைண்டிங் மிஷினில் ஒருவன் இருந்தான். நாட்றாம்பாளையத்துக்கும் அப்பால், ஜீப் போய் நிற்கும் இடத்திலிருந்து மலைக்கு மேலே அவன் ஊர். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டான். சுற்றுகிற கல் இரும்பைத் தொடும் சத்தத்தை வைத்தே இன்னும் எவ்வளவு தேய வேண்டும் என்று சொல்லிவிடுவான். பிறகு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் இருக்கும். அப்படி ஒரு காது எனக்கே கிடையாது. நான் இதை யாரைப் பற்றியும் லேசில் சொல்கிறவன் அல்ல.

வழக்கமாகச் செய்கிற ஒரு ஷாஃப்டுக்குப் புது டிராயிங் வந்தது. அவன் அதை என்னிடம் கொண்டுவந்தான்.

"மொதலாளி, அளவு மாத்தியிருக்காங்க போலிருக்குது. ஒருதரம் பாருங்க."

டிராயிங்கில் இங்கிலீஷ் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எனக்கு அளவெல்லாம் எப்போதும் மனப்பாடம்தான். அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"பத்து வருசமா இதே அளவுதான்டா. எனக்கே சொல்லித் தர்றியா? போய் ஓட்டு."

ஓட்டினான். அனுப்பியது அத்தனையும், செல்லாது என்று சிவப்புப் பெயிண்ட் அடித்துத் திரும்பி வந்தது. அன்று எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லி, பதினோரு ஆட்கள் முன்னால் அவனைத் திட்டினேன். நான் சொன்னபடிதானே செய்தேன் என்று அவன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அது என் கோபத்தை இன்னும் ஏற்றியது. "உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, காட்டானைக் கூட்டியாந்து மைக்ரான் பாக்கச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றேன். அவன் கழிவுத்துணியில் கையைத் துடைத்தான். நகத்துக்கு அடியில்கூடத் துடைத்தான். வெளியே போனவன் மறுநாள் வரவில்லை.

மூன்றாவது நாள், ஆபீசில் வேலை பார்க்கிற பெண் பழைய டிராயிங்கையும் புதுசையும் என் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். இரண்டிலும் ஒரே இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். எண் வேறு வேறு. "தெரியும், தெரியும், எடுத்துட்டுப் போ" என்று அவள் மேலும் எரிந்து விழுந்தேன்.

போன் போட்டால் அவன் ஊரில் டவர் கிடையாது. ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன், பதில் இல்லை. மூன்று வாரம் ஆனது. ஐப்பசி மழை வேறு. கடைசியில் ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் முதல் பூசை முடிந்த கையோடு நானே கிளம்பினேன். துணைக்கு என் மனைவியின் தம்பி. ரிட்டயர் ஆன கண்டக்டர். வாய் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

பஸ்ஸில் அஞ்செட்டி தாண்டும்போது ஆரம்பித்தான்.

"எதுக்கத்தான் இம்புட்டுத் தூரம்? சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டு, மூணு அருள்நிறைந்த மந்திரம் சொன்னா முடிஞ்சு போச்சு."

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அவன்கிட்டயே போய்ச் சொல்லுன்னுட்டாரு."

"அதானே பாத்தேன். நீங்களாவது, தானாக் கிளம்புறதாவது!"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கேயே இறங்கித் திரும்பிவிடலாம் போல இருந்தது.

நாட்றாம்பாளையத்திலிருந்து ஒரு ஜீப். அது ஒரு டீக்கடையோடு நின்றுவிட்டது. கடையில் இருந்தவர்கள் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் ஊருக்கு வழி கேட்டதும் கடைக்காரர் மலையை மோவாயால் காட்டினார். "ரெண்டு மணி நேரம். பாதை பிரியற எடத்துல கேட்டுக்கோங்க." கடைசியில் என் காலில் இருந்த ஷூவை ஒரு தரம் பார்த்தார். அந்த ஷூவை நான் அந்த வாரம்தான் வாங்கியிருந்தேன்.

ஏற்றம் என்றால் அப்படி ஒரு ஏற்றம். மழையில் மண் கரைந்து கல்லெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஒரு கல்லை நம்பிக் காலை வைத்தால் அது உருண்டு போகும். இரண்டு பக்கமும் உண்ணிச்செடி சட்டையைப் பிடித்து இழுத்தது. அறுபத்தாறு வயதில் என் மூச்சு எனக்கே கேட்டது. இந்தப் பாதையில்தான் இவன் மாதத்துக்கு ஒரு தரம் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறான் என்று தோன்றியது. உடனே, அதற்காக நான் என்ன செய்ய முடியும் என்று அவன் மேலேயே கோபம் வந்தது. ரோடு போடாதவர்கள் மேல் வந்தது. எத்தனை தேர்தலில் இந்த ரோட்டுக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள்? வந்தவர்கள் எவரும் இந்தக் கல்லில் கால் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அத்தான், ஸ்டாப்பிங் வந்தா விசில் ஊதுங்க. நான் எறங்கிக்கிறேன்" என்றான் மச்சினன், ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

"பேசாம வாடா. பேச்சுலதான் உனக்கு மூச்சு போகுது."

"நீங்க பேசாமலே உங்களுக்குப் போகுதே!"

ஏற்றம் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வலது பக்கம் பாறையை ஒட்டி இன்னும் மேலே போனது. இன்னொன்று நேராக, சமதளமாக, புல்வெளிக்குள் போனது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. யூரியா சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் கேட்ட கன்னடம் காதிலேயே இருந்தது. என் கன்னடத்தை எடுத்துவிட்டேன்.

"ஏனம்மா, ஹட்டிகெ பலக்கெ திருகபேக்கா?" ஊருக்கு வலது பக்கம் திரும்ப வேண்டுமா என்று கேட்டேன்.

அவள் இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்திருந்தாள். கை காட்டவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆ... மேலெ" என்றாள். ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் நேர் பாதையில் இறங்கினேன்.

"அத்தான், அந்தம்மா மேலன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"உனக்குக் கன்னடம் தெரியுமா? ஆமேலென்னா அப்புறம்னு அர்த்தம். திரும்புற எடம் அப்புறமா வருமாம். இப்ப நேராப் போகணும்."

"நீங்க சொன்னாச் சரிதான்" என்றான். அந்த 'சரிதான்'ஐ அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச தூரம் சுகமாக இருந்தது. பிறகு புல் மாறியது. வெளியே பச்சை, கீழே தண்ணீர். கால் வைத்தால் தரை அமுங்கி, எடுத்தால் மெதுவாக மேலே வந்தது. இலவம்பஞ்சு மெத்தை மேல் நடக்கிற மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் கீழே யாரோ உதட்டைச் சப்புகிற மாதிரி ஒரு சத்தம். பனி இறங்கி எதிரே ஒன்றும் தெரியவில்லை. மரம் கிடையாது, பாறை கிடையாது, வேலி கிடையாது. புல்லும் கோரையும் சேறும் மட்டும். ஆட்காட்டிக் குருவி ஒன்று எங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பாதை எப்போது காணாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை. வட்டம் வட்டமாகக் குழி, முறம் அகலத்துக்கு, அதில் தண்ணீர் நின்றது.

"இது என்னத்தான், தொட்டி கட்டக் குழி தோண்டிருக்காக?"

"யானைக் காலடி."

அதற்கப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த நடையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்லது அதுதான்.

திட்டு திட்டாகக் கிடந்த புல்மேடுகளின் மேல் தாவித் தாவிப் போனோம். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு எட்டாது. நின்றால் நின்ற மேடு அமுங்குகிறது. தொடை நடுங்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் போனது, இரண்டாவது மணி போனது. திரும்புகிற இடம் வரவேயில்லை. நான் உரக்கத் திட்டிக்கொண்டே போனேன். மழையை, ஆட்டுக்காரியை, டிராயிங் அனுப்பிய கம்பெனியை, வாய் திறக்காமல் போன அந்தக் கிரைண்டிங்காரனை. திட்டிக்கொண்டே வைத்த ஒரு காலில் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டேன். மற்றக் காலை ஊன்றினேன். அதுவும் போனது. இடுப்புக்குக் கீழே ஜில்லென்று சேறு பிடித்துக்கொண்டது. இழுக்க இழுக்க இறுக்கியது.

"மாதாவே!" என்று மச்சினன் அலறினான். துண்டை வீசினான். எட்டவில்லை.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அசையாதீங்க! ரெண்டு பேரும் அங்கியே நில்லுங்க!"

என் கிரைண்டிங்காரன் குரல். அதை எந்த மிஷின் சத்தத்திலும் அடையாளம் சொல்வேன். கேழ்வரகுக் கொல்லையில் பகல் காவலுக்குப் பரண் மேல் உட்கார்ந்திருந்தவன், நான் திட்டிய சத்தம் கேட்டு வந்திருக்கிறான். நீளமாக இரண்டு மூங்கிலை இழுத்துக்கொண்டு, கோரையைத் தவிர்த்து, கறுப்பாகத் தெரிந்த திட்டுகளில் மட்டும் கால் வைத்து, விறுவிறுவென்று வந்தான். மூங்கிலைக் குறுக்கே போட்டான்.

"மார மூங்கில் மேல சாயுங்க. கால மிதிக்காதீங்க. நீச்சல் அடிக்கற மாதிரி வாங்க."

வந்தேன். ஒரு ஷூ வரவில்லை. தரையில் விழுந்து மூச்சு வாங்கியதும் மன்னிப்பு கேட்டேனா? இல்லை. "மனுசன் வர்ற ஊராடா இது!" என்று கத்தினேன்.

"ஒளைச் சேத்துக்குள்ள எதுக்குங்க வந்தீங்க? எங்க ஆடு மாடே இங்க வராது. பாதைதான் பாறையோட மேல போகுதே?"

"பிரியற எடத்துல ஒரு பொம்பளைதான் ஆமேலென்னு சொல்லுச்சு. அப்புறமாத் திரும்பணும்னு."

அவன் யோசித்தான். "சாக்குப் போட்டுக்கிட்டு, ஆடு வெச்சிருந்துச்சா? அது எங்க சின்னம்மாங்க. அதுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை வராது. ஹட்டின்னதை மட்டும் புடிச்சுக்கிட்டு, ஆமா, மேல போங்கன்னு தமிழ்ல சொல்லியிருக்கும். ஆ... மேலன்னு."

மச்சினன் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "கன்னடத்துல கேட்டுட்டுத் தமிழ்ல பதில் வாங்கி, அதையும் கன்னடத்துல புரிஞ்சுக்கிட்டீகளே அத்தான்!" அவனை அப்படியே உளைக்குள் தள்ளலாம் என்றிருந்தது. கிரைண்டிங்காரன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் வீட்டில் அவன் மனைவி வெந்நீர் ஊற்றினாள். அவனுடைய லுங்கியைக் கட்டிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தேன். களியும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தார்கள். நான் ரோட்டைப் பற்றிப் பேசினேன், மழையைப் பற்றிப் பேசினேன், கேழ்வரகு எப்படி என்று விசாரித்தேன். என் நாக்கு அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போக மறுத்தது.

"அத்தான், வந்த சோலியச் சொல்லுங்க. இருட்டுனா யானை வந்துரும்" என்றான் மச்சினன்.

"டிராயிங்கை நான் பாக்கல" என்றேன். "அளவு தவறிப்போனது என் தப்பு. உன் தப்பு இல்ல."

"அது அன்னைக்கே தெரியுமுங்க."

"தெரிஞ்சா ஏன்டா வாயைத் தொறக்கல? நாலு பேரு முன்னால நீ சொல்லியிருந்தா நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்?"

"இரும்பு போனா வேற இரும்பு வருமுங்க. நான் வேலைய உட்டுட்டு வந்தது அதுக்கில்ல. அந்த வார்த்தைக்கு."

"கோவத்துல வந்துருச்சு."

"கோவத்துல வேற வார்த்தை வந்திருந்தா மறுநா வேலைக்கு வந்திருப்பனுங்க." களித் தட்டைத் தள்ளி வைத்தான். "என் பொண்ணு அஞ்செட்டியில தங்கிப் படிக்குது. பள்ளிக்கூடத்துல அதே வார்த்தையச் சொல்றாங்கன்னு அழுதுச்சு. நல்லாப் படிச்சா எவனும் அப்படிச் சொல்ல மாட்டான், அப்பனைப் பாரு, ஓசூர்ல மைக்ரான் பாக்கறேன், அங்கெல்லாம் அந்தப் பேச்சு கெடையாதுன்னு சொல்லி அனுப்பி வெச்சேன். அதுக்கு அடுத்த வாரந்தான் நீங்க சொன்னீங்க."

நான் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினேன்.

"சரி. தப்புதான். அதையும் சொல்லிட்டேன். கெளம்பு, நாளைக்கு வேலைக்கு வா."

"இங்க சொல்லிட்டீங்க. அந்த வார்த்தையப் பதினோரு பேரு கேட்டாங்களே. அவங்களுக்கு நீங்க இங்க வந்ததே தெரியாதுங்களே."

"இந்தச் சேத்துல இடுப்பு வரைக்கும் முங்கி வந்திருக்கேன். இது போதாதா உனக்கு?"

"சேத்துல முங்குனது வழி தப்புனதால மொதலாளி. எனக்காக இல்லீங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "நாளான்னிக்குக் காலைல வர்றேன். வாசல்லயே நிக்கறேன். அவங்க முன்னால சொன்னீங்கன்னா உள்ள வர்றேன். இல்லேன்னா எட்டரை பஸ்ஸுக்குத் திரும்பிடறேன். கொல்லையில வேலை கெடக்குது."

நான் எழுந்துவிட்டேன். என் உப்பைத் தின்றவன் எனக்கு நிபந்தனை போடுகிறான் என்ற கோபத்தில், அவன் கொடுத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பாறைப் பாதையில் இறங்கினேன். பாதை பிரிகிற இடத்துக்கு முக்கால் மணி நேரம்தான். கால் நனையவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

"சொல்லுவீகளா?" என்று மச்சினன் ஜீப்பில் கேட்டான்.

"என் பட்டறையில நான் என்ன பேசணும்னு எவன் சொல்றது?"

"அப்ப மாட்டீக."

"வாயை மூடு."

செவ்வாய்க்கிழமை ஷிப்டு ஆரம்பிக்கும்போது அவன் வாசலில் நின்றான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. உள்ளே இருந்தவர்கள் மிஷினைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் ஆபீசுக்கும் வாசலுக்கும் நாலு தடவை நடந்தேன். முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டிருந்தேன். மணி எட்டேகால். அவன் பையைத் தோளில் மாட்டினான்.

"எல்லாத்தையும் நிறுத்துங்கடா!" என்று கத்தினேன். திட்டப் போகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மிஷின் ஒவ்வொன்றாக அடங்கியது.

"அன்னைக்கு டிராயிங்கைப் பாக்காம ஓட்டச் சொன்னது நான். அளவு தவறிப்போனது என்னால."

அவன் வாசலில் அப்படியே நின்றான். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. ஆபீஸ் பெண் கதவோரம் வந்து நின்றாள்.

"அப்புறம், இவனைக் காட்டான்னு சொன்னேன். அது சொல்லக் கூடாத வார்த்தை. நான் சொன்னது தப்பு. இனிமே இந்தப் பட்டறையில நான் உட்பட எவன் அதைச் சொன்னாலும் அவன் அன்னைக்கே வெளிய போவான். கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க" என்று யாரோ ஒருவன் சொன்னான்.

அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். என் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கிரைண்டிங் மிஷினுக்குப் போய், கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"யாரு இந்த மூணு வாரமா இதை ஓட்டுனது? கல்லு முட்டை மாதிரி ஆயிருக்குது. வேலை தெரியாதவனை எதுக்கு இதுல உடறீங்க?"

எல்லோருக்கும் தெரியும். ஆள் கிடைக்காமல் அந்த மிஷினில் நின்றது நான்தான்.

"நான்தான்டா" என்றேன்.

பட்டறையே சிரித்தது. என் சம்பளம் வாங்குகிறவர்கள், என் முகத்துக்கு நேராக. அவனும் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன், முதுகுதான் தெரிந்தது. நான் ஆபீசுக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினேன். உள்ளே உட்கார்ந்து, அவன் கல்லைச் சீர்பண்ணுகிற சத்தத்தைக் கேட்டேன். முதலில் தடதடவென்று இருந்தது. போகப் போக ஒரே சீராக வந்தது. எனக்குக் கோபம் மத்தியானம் வரைக்கும் அடங்கவில்லை.